கோப்பைகள் திரும்பி வரும் இடம்

பேர்லினில் எங்கள் ஆட்களில் யாருக்காவது நல்ல உணவகம் ஒன்று தேவைப்பட்டால், அங்கே வைனும் நன்றாக இருக்க வேண்டுமென்றால், அவரிடம்தான் போய்க் கேட்பார்கள். அவர் எந்த உணவகத்திலும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் இல்லை. வைன் குடிப்பவரும் இல்லை. பத்து வருடமாகக் கோப்பை கழுவியவர்; சாப்பாட்டுத் தட்டை நாங்கள் கோப்பை என்றுதான் சொல்வோம். இந்த நகரத்தில் ஏழோ எட்டோ உணவகச் சமையல் குசினிகளில் நின்றிருக்கிறார்.

நொய்கெல்ன் பகுதியில் எங்கள் கட்டடத்தின் பின்முற்றத்தைத் தாண்டி இருந்த பின்கட்டடத்தில், வேறு மூன்று பேரோடு ஒரே அறையில் இருந்தார். நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னை அக்கா என்பார். யார் மூத்தவர் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவருடைய பெயர் எனக்குத் தெரியும். இங்கே அதை எழுத மாட்டேன்.

உணவகத்தைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் திரும்பி வரும் கோப்பைகளிலிருந்து அறிந்தது. பரிமாறுபவர்கள் மேசையிலிருந்து எடுத்துவந்து அவர் முன்னால் அடுக்கிவிட்டுப் போவார்கள். அவர் ஒவ்வொன்றையும் பார்ப்பார். இறைச்சி மிச்சமாக வந்தால் ஒரு காரணம், இறைச்சி போய் உருளைக்கிழங்கு மட்டும் மிஞ்சி வந்தால் வேறு காரணம். பாணைப் பிய்த்து, அந்த ரொட்டித் துண்டால் துடைத்து வெள்ளையாக வரும் கோப்பைதான் அவருக்குச் சான்றிதழ். ஒரு கிழமை முழுக்கக் கோப்பைகள் அப்படி வந்தால் அந்த இடத்தைத் தன் மனதில் உள்ள பட்டியலில் சேர்த்துக்கொள்வார்.

வைனுக்கும் அதே அளவுகோல்தான். போத்தலில் இரண்டு விரல் மிச்சம் வந்தால் ஒரு தேக்கரண்டியில் விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். பிறகு தொட்டியில் ஊற்றிவிடுவார். அப்படிப் பார்த்ததெல்லாம் கூடாத வைன் என்பது அவருடைய முடிவு. நல்ல வைனை ஆட்கள் மிச்சம் விடுவதில்லை. ஒருநாள் நான் சிரித்துக்கொண்டே கேட்டேன், அப்போ நல்ல வைன் எதென்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று.

"அது லேசு அக்கா. நான் ஒருநாளும் ருசி பாக்காததுதான் நல்ல வைன்."

எங்களுடைய அகதி வழக்கு வென்றபோது, வாதாடிய ஜெர்மன்காரரை எங்காவது அழைத்துப்போய்ச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று என் கணவர் விரும்பினார். எங்களுக்கு ஒரு இடமும் தெரியாது. நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவள். இங்கே முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்புகள் மாற்றினேன். கணவர் ஊபான் சுரங்க ரயில் பெட்டிகளைச் சுத்தம் செய்தார். அண்ணையிடம் போனோம். அவர் உடனே பெயர் சொல்லவில்லை. யார் வருகிறார், எதற்காக வருகிறார், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார் என்று கேட்டார். வழக்கறிஞர் மெலிந்தவரா, பருத்தவரா என்றும் கேட்டார். இரண்டு நாள் கழித்து முற்றத்தில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, ஒரு தெருவின் பெயரையும் வைன் பட்டியல் அட்டையில் கீழிருந்து மூன்றாவது என்பதையும் சொன்னார். வழக்கறிஞர் அன்று கோப்பையைப் பாணால் துடைத்தார். போத்தலில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதை நான் அண்ணையிடம் சொன்னபோது அவருடைய முகத்தில் தெரிந்தது, பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளையின் முகம்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. அதை வைத்து நாங்கள் எல்லாரும் அவரைப் பகிடி பண்ணுவோம்.

தெரிந்த குடும்பத்தார் மாதா கோவில் மண்டபத்தில் தங்கள் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குச் சாப்பாடு வைத்தார்கள். அண்ணையை விருந்தாளியாகத்தான் அழைத்திருந்தார்கள். அவர் வழக்கம்போல நேரே போய்க் கோப்பை கழுவும் தொட்டியடியில் நின்றுகொண்டார். எல்லாம் முடிந்து, கதிரைகளை அடுக்கி, ஆட்கள் மேலங்கி போட்டுக்கொண்டு நிற்கும் நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஒரு கரண்டி குறைகிறது என்றார். மண்டபத்துக்காரர் கொடுத்தது அறுபது, இருப்பது ஐம்பத்தொன்பது. விடுங்கோ அண்ணை, நாளைக்கு ஒன்று வாங்கி வைக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. கட்டி வைத்திருந்த குப்பைப் பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, சோற்றுக்கும் எலும்புக்கும் நடுவில் கையை விட்டுத் தேடினார். என் கணவர் உரக்கவே சொன்னார், "அண்ணை, அது வெள்ளிக் கரண்டியும் இல்லை, உங்கடை சீதனக் கரண்டியும் இல்லை." எல்லாரும் சிரித்தோம். என் மகளும் சிரித்தாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது. கடைசியில் அவளும் போய்க் குனிந்து ஒரு பையைப் பிடித்துக்கொடுத்தாள். மூன்றாவது பையில் கரண்டி கிடைத்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் எங்களிடம் சொன்னார்:

"ஒண்டு குறைஞ்சால், ஒண்டில் ஆரோ எறிஞ்சிருக்கினம், இல்லாட்டி ஆரோ எடுத்திருக்கினம். எதெண்டு தெரியாமல் எனக்கு நித்திரை வராது."

முன்பு ஒரு குசினியில் அவரோடு வேலை செய்த துருக்கிக்காரர், குப்பைப் பைக்குள் தவறி விழுந்த கத்தி ஒன்றால் உள்ளங்கை கிழிந்து, அதன் பிறகு அந்தக் கையை மடக்க முடியாமல் போனவர். அன்றைக்குக் கத்தி குறைகிறது என்பதை அண்ணை கவனித்திருக்கிறார். வேலை முடிகிற நேரம் என்று சொல்லாமல் விட்டிருக்கிறார். அதை அவர் ஒரே ஒரு முறைதான் எங்களுக்குச் சொன்னார்.

எங்கே போகலாம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், தான் அப்போது வேலை செய்யும் இடத்தை மட்டும் ஒருவருக்கும் சொல்ல மாட்டார். காரணம் கேட்டால் சிரிப்பார். ஒருமுறை எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார். அவர் முன்பு நின்ற ஓர் இடத்துக்குத் தெரிந்த தம்பதி ஒன்று சாப்பிட வந்திருக்கிறது. பரிமாறுபவர் வந்து, உன் நாட்டுக்காரர் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். பிறகு கோப்பைகள் வந்தன. ஒன்று துடைத்து வைத்ததுபோல, மற்றது தொட்டதே இல்லை. கடதாசித் துவாய் சிறு சிறு துண்டாகக் கிழிக்கப்பட்டு அந்தக் கோப்பையில் கிடந்தது. இரண்டு மாதத்தில் அவர்கள் பிரிந்துவிட்டார்கள்.

"எல்லாருக்கும் முன்னம் எனக்குத் தெரிஞ்சிட்டுது அக்கா. அதுக்குப் பிறகு அந்தப் பெண்பிள்ளையை வழியிலை கண்டால் நான் மற்றப் பக்கத்தாலை போவன். தெரிஞ்ச ஆக்களின்ரை கோப்பை எனக்கு வேண்டாம்."

நான் இதைக் கேட்டேன். நன்றாக விளங்கியும் இருந்தது.

மகளுக்குப் பத்தொன்பது வயதானபோது லண்டனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பொறியியலாளர், நல்ல குடும்பம். மகள் அப்போதுதான் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதி முடித்து, பான் நகரப் பல்கலைக்கழகத்தில் இடமும் எடுத்திருந்தாள். கட்டிக்கொண்டு போய் லண்டனில் படிக்கலாம் என்று நான் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள். இன்னொரு முறை கேட்டேன், மாட்டேன் என்றாள். மூன்றாம் முறை கேட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த நாட்களில் எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். தமிழ்ப் பிள்ளைகள் ரயில் நிலையத்தில் ஜெர்மன் பிள்ளைகளோடு நிற்பதைப் பார்த்தால் பயம், தொலைபேசி மணி அடித்தால் பயம், அடிக்காவிட்டாலும் பயம். அவள் ஒரு வீட்டுக்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையும் அவருடைய தமக்கையும் இரண்டு நாள் பேர்லினுக்கு வந்து பிள்ளையைப் பார்ப்பதாக ஏற்பாடு. வீட்டில் வேண்டாம், வெளியே எங்காவது நல்ல இடத்தில் இருந்து பேசுவோம் என்று தமக்கை தொலைபேசியில் சொன்னார். தம்பிக்கு வைன் பற்றி நல்லாத் தெரியும் என்றும் சொன்னார். அந்த ஒரு வசனம் என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டு கிழமையாக நான் மகளைப் பார்க்கவில்லை. உணவகத்தைத்தான் பார்த்தேன். வேலை முடிந்து வரும்போது வேண்டாத தரிப்பிடங்களில் இறங்கி, வாசல்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் உணவுப் பட்டியல்களை வாசித்தேன். பிறகு அண்ணையிடம் போனேன்.

யார் வருகிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். எதற்கு என்று கேட்டார். அதையும் சொன்னேன். பிறகு, முன்பு யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"பிள்ளைக்கு என்ன சாப்பிட விருப்பம்?"

அவள் எது கொடுத்தாலும் சாப்பிடுவாள் என்றேன்.

கால்வாய்க் கரையில் ஓர் இத்தாலியன் கடையைச் சொன்னார். வீட்டு வைன், மண் சாடியில் தருவார்கள், சாடி எப்போதும் வெறுமையாகத்தான் திரும்பும். குழந்தைகள் ஓடித் திரியும் இடம். இரைச்சலாக இருக்கும். "இரைச்சல் நல்லது அக்கா. பிள்ளைக்குக் கதைக்க ஏலாட்டிலும் ஒருத்தருக்கும் தெரியாது."

நான் போய்ப் பார்த்தேன். மேசைகளில் கடதாசி விரித்திருந்தது. லண்டன் ஆட்களை இங்கே எப்படி இருத்துவது என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணையின் அறைத் தோழர் ஒருவரிடம் நைசாகக் கேட்டு, அண்ணை இப்போது எங்கே வேலை செய்கிறார் என்று அறிந்துகொண்டேன். பணக்காரர் பகுதியான ஷார்லொட்டன்பூர்க்கில், வெள்ளை மேசைத் துணி போட்ட இடம். கண்ணாடிக் கதவில் பொன் எழுத்து. அண்ணைக்குத் தெரியப்போவதில்லை, அவர் உள்ளேதானே நிற்பார் என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். மேசை பதிவு செய்ய என்னுடைய ஜெர்மன் போதாது என்று மகளையே தொலைபேசியில் பேச வைத்தேன். ஐந்து பேர், ஏழு மணி என்று அவள் தெளிவாகச் சொன்னாள். தன் குரலால் தனக்கே மேசை போட்டாள்.

ஆடி மாதம். ஏழு மணிக்கு வெளியே நல்ல வெயில். மாப்பிள்ளை மரியாதையான பையன். எல்லாருக்கும் ஆட்டிறைச்சி என்று அவரே சொல்லி, வைனையும் தெரிந்தெடுத்து, போத்தலைத் திருப்பி எங்களுக்கு அதன் வயதைக் காட்டினார். இறைச்சிக்கென்று மரப்பிடி போட்ட கத்தி தனியாகக் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் வைத்தார்கள். எனக்கு அந்தச் சாப்பாடு சப்பென்று இருந்தது. முதியோர் இல்லத்து நத்தார் பண்டிகை விருந்துகளுக்குப் போகும்போது செய்வதுபோல, கைப்பையில் மாத்திரைக் குப்பிக்குள் வைத்திருந்த வறுத்த மிளகாய்த்தூளை மேசைக்குக் கீழே திறந்து, ஒருவரும் பார்க்காத நேரம் இறைச்சியில் தூவினேன். தமக்கை திகதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என் கணவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். மகள் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். அவளுடைய கோப்பை எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பரிமாறுபவர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார். மகள் கைகழுவப் போவதாகச் சொல்லி, கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். திருமண மண்டபத்தை லண்டனில் எடுப்பதா இங்கே எடுப்பதா என்று பேச்சுப் போய்க்கொண்டிருந்தது.

குசினிக் கதவு திறந்தது. இறப்பர் சப்பாத்தோடும் முழங்கால்வரை தொங்கும் ஈர ஏப்ரனோடும் அண்ணை வந்தார். அந்த வெள்ளைத் துணிகளுக்கு நடுவே நடந்து, நேரே என்னிடம் வந்து நின்றார். பிடிபட்டுவிட்டேன் என்ற வெட்கம்தான் எனக்கு முதலில் வந்தது. அடுத்தது, தமக்கை பார்க்கிறாரே என்ற வெட்கம்.

"அக்கா, பிள்ளை எங்கை?"

இப்போது ஏன் வந்தீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"பிள்ளை எங்கை?"

"கைகழுவப் போட்டா."

"எவ்வளவு நேரம்?"

எனக்குத் தெரியவில்லை. அவர் அதற்குமேல் நிற்கவில்லை. பெண்கள் கழிப்பறைப் பக்கம் வேகமாகப் போனார். நானும் பின்னால் எழும்பிப் போனேன். ஏன் போகிறேன் என்று தெரியாமலே போனேன். அவர் ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார். தட்டவில்லை. கதவோடு வாயை வைத்து, முற்றத்தில் என்னோடு கதைக்கும் அதே குரலில் பேசினார்.

"பிள்ளை, நான் பின்வீட்டு அண்ணை. உங்கடை மேசைக்கு அஞ்சு கத்தி போனது. நாலுதான் வந்திருக்கு. எண்ணித்தான் குடுக்கவேணும் அம்மா, ஒண்டு குறைஞ்சாலும் எனக்குப் பேச்சு விழும். எனக்காக அதைத் தாங்கோ."

கதவு திறக்கவில்லை. அவர் மறுபடியும் அதையே சொன்னார். எனக்குப் பேச்சு விழும், வேலை போயிடும், தாங்கோ பிள்ளை. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பூட்டுத் திறந்தது. மகள் கத்தியைப் பிடியின் பக்கமாக நீட்டினாள். அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. இதை இன்னொரு முறையும் எழுத வேண்டும்: அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அண்ணை கத்தியை வாங்கிக்கொண்டு, "பெரிய உதவி" என்றார்.

அந்த நேரத்தில்தான் உணவக முதலாளி வந்தார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தமக்கை. அவர்கள் கண்டது, பெண்கள் கழிப்பறைக்குள் கையில் கத்தியோடு நிற்கும் கோப்பை கழுவுபவரையும், சுவரோடு ஒட்டி நடுங்கும் ஒரு பிள்ளையையும். தமக்கை ஆங்கிலத்தில் ஏதோ உரக்கச் சொன்னார். முதலாளி அண்ணையைப் பார்த்துக் கேட்டார், இங்கே என்ன செய்கிறாய் என்று. அண்ணை மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் குசினி ஜெர்மனில், "கத்தி ஒன்று குறைந்தது, எடுக்க வந்தேன்" என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். இந்த மனிதரை உங்களுக்குத் தெரியுமா? உங்கள் மகளைத் தொந்தரவு செய்தாரா?

தெரியும் என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவர் ஏன் வந்தார், கத்தி ஏன் இங்கே வந்தது. தமக்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கதை நாளைக்கு லண்டனுக்குப் போகும், நாளை மறுநாள் தமிழர் இருக்கும் எல்லா ஊருக்கும். நான் ஜெர்மனில் சொன்னேன்:

"இல்லை. எனக்குத் தெரியாது."

இரண்டாவது கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை. அவர் உங்களை அக்கா என்றாரே என்று தமக்கை கேட்டதற்கு, எங்கள் ஆட்கள் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றேன். என் கணவரும் வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணையோடு சீட்டு விளையாடுபவர். என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். மகள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் எல்லாரையும்விட அவளுக்குத்தான் ஜெர்மன் நன்றாகத் தெரியும். ஆனால் அவள் வாய் திறக்கும் நிலையில் இருக்கவில்லை. நான் ஒருத்திதான் பேசக்கூடியவளாக நின்றேன்.

முதலாளி பொலிசைக் கூப்பிட்டார். அண்ணை வேலை செய்தது அறைத் தோழர் ஒருவரின் வேலை அனுமதியில். அந்த நாட்களில் பலர் அப்படித்தான் செய்தார்கள். பொலிஸ் முதலில் கேட்டது அடையாளக் கடதாசியைத்தான். அவரிடம் இருந்தது சில மாதத்துக்கு ஒருமுறை நீட்டித் தரும் தற்காலிகத் தங்கும் அனுமதி மட்டும். அதில் வேலை செய்யக்கூடாது என்று அச்சடித்திருந்தது. அவரை அழைத்துப்போனபோது எங்கள் மேசையைக் கடந்துதான் போனார்கள். ஏப்ரனைக் கழற்றியிருந்தார். சப்பாத்து மாற்ற விடவில்லை.

இரண்டு நாளில் விட்டார்கள். திரும்ப அறைக்கு வந்தார். முற்றத்தில் அவரைக் காணாமலிருக்க, ஆட்கள் வேலைக்குப் போய்விட்ட நேரமாகப் பார்த்துக் குப்பை போடப் போனேன். ஒருநாள் அவர் அங்கே நின்றார். ஏதாவது திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். அவர் அன்றைக்கு நடந்ததைத் தொழில் பேசுவதுபோலச் சொன்னார். கோப்பைகள் வந்தபோது ஒன்றிலிருந்து வறுத்த தூள் வாசம் அடித்ததாம். அந்தக் குசினியில் அப்படி ஒரு வாசம் வர வழியில்லை. யாரோ எங்கடை ஆட்கள் என்று மற்றக் கோப்பைகளைப் பார்த்தாராம். ஒன்று தொடாமலே வந்திருந்தது. பக்கத்தில் முள்ளுக்கரண்டி இருந்தது, கத்தி இல்லை. யாருடைய கோப்பை என்று பரிமாறுபவரிடம் கேட்டாராம். அந்த இளம் பிள்ளையுடையது, இப்போது எழும்பிப் போனாள் என்றாராம்.

"நீங்கள் தூள் போட்டது நல்லதாப் போச்சு அக்கா. இல்லாட்டி நான் முதலிலை குப்பை வாளிக்குள்ளைதான் தேடியிருப்பன்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கேட்டது வேறு.

"பிள்ளை சாப்பிடுறாவோ?"

கொஞ்சம் சாப்பிடுகிறாள் என்று பொய் சொன்னேன்.

ஒரு வழக்கறிஞரிடம் போகலாம், அந்த முதலாளியிடம் போய் உண்மையைச் சொல்லலாம், எழுதிக் கொடுக்கலாம் என்றெல்லாம் இரவும் பகலும் நினைத்தேன். அந்தக் கிழமை முடிவதற்குள் போக வேண்டும் என்று நினைத்தேன். தமக்கை லண்டனிலிருந்து தொலைபேசி எடுத்து, வைன் நன்றாக இருந்தது என்றும், பிள்ளைக்கு உடம்பு சரியில்லைப்போலத் தெரிந்தது என்றும், இப்போதைக்கு விடுவோம் என்றும் சொன்னார். நான் காப்பாற்றிய சம்பந்தம் ஒன்பது நாள் இருந்தது. அதற்குப் பிறகாவது நான் போயிருக்கலாம். எந்தத் தடையும் இருக்கவில்லை. பிள்ளையின் பெயர் பொலிஸ் கடதாசியில் ஏறிவிடும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். புரட்டாதி பிறந்தபோது அவரை ஷோனெஃபெல்ட் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். பத்து வருடத்துக்கு முன் அவர் வந்து இறங்கிய அதே நிலையம். அறைத் தோழர்கள் பயந்து வேறு வேறு இடத்துக்குப் போனார்கள். கொழும்பில் இறங்கியபின் அவர் எங்கே போனார் என்று எனக்குச் சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை. கேட்டுப் பார்த்தேன். கேட்டபோதெல்லாம், உங்களுக்கு அவரை எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டார்கள்.

அதனால்தான் பெயரை எழுதவில்லை. கேட்ட இடத்தில் தெரியாது என்று சொன்னவள், கேட்காத இடத்தில் எழுதி என்ன பயன்? பெரிய வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். அன்றைக்கு வாசிக்கிற வாசகத்தில், சீடன் ஒருவன் அவரைத் தெரியாது என்று சொல்லும் ஓரிடம் இருக்கிறது, என்னால் அங்கே நிற்க முடியாது.

மகள் அந்த இலையுதிர் காலத்திலேயே பானுக்குப் படிக்கப் போனாள். நான் தடுக்கவில்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை தொலைபேசி எடுப்பாள், காலநிலை சொல்வாள். அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசியது ஒரே ஒரு முறை. அதுவும் அவள் சொன்ன ஒரு வசனம்தான். "நீங்கள் ஓம், அவரைத் தெரியும் எண்டு சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான் அம்மா."

மூன்று வருடத்துக்குப் பிறகு, போன மாதம், பேர்லினுக்கு வந்தாள். வெளியே எங்காவது சாப்பிடுவோம் என்று அவளே சொன்னாள். இடத்தை நான் தெரிய வேண்டுமாம். கால்வாய்க் கரைக் கடைக்கு அழைத்துப் போனேன். மேசையில் கடதாசிதான். குழந்தைகள் ஓடினார்கள். அவர் சொன்ன வீட்டு வைனைக் கேட்டேன், மண் சாடியில் வந்தது. உனக்கு என்ன சாப்பிட விருப்பம் என்று அவளைக் கேட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் அதை அவளிடம் கேட்டது அன்றுதான் என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பட்டியலைக் கனநேரம் பார்த்துவிட்டு மீன் என்றாள்.

அதிகம் பேசவில்லை. இரைச்சலில் அது தெரியவும் இல்லை. சாப்பிட்டு முடிந்து, பரிமாறுபவர் கோப்பைகளை எடுக்க வந்தார். என் கண் தானாக அவளுடைய கோப்பைக்குப் போனது. அவள் கண்டுவிட்டாள். தன் கத்தியை எடுத்து, என் கோப்பையில் என் கத்திக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டும் இருக்கு அம்மா. எண்ணிப் பாருங்கோ."

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். பரிமாறுபவர் கோப்பைகளையும் பாதிக்குமேல் மிச்சமிருந்த சாடியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கைகழுவிவிட்டு வருகிறேன் என்று அவள் எழும்பினாள்.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். கொஞ்சம் கழித்துத் திரும்பவும் பார்த்தேன். பிறகு குசினிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதவால், பிள்ளை எங்கை என்று கேட்க, ஒருவரும் வெளியே வரவில்லை.